வெள்ளையடித்த மறுநாள்

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அடுத்துக் கேட்பது, "செத்தவங்கள எந்தச் சுவத்துல காட்டுதீங்க?" என்று. நடுவே பதினாறு கண்ணாடிப் பெட்டிகளில் டச்சுக்காரன் பீங்கான், முத்துக் குளித்தவர்கள் காலில் கட்டிய கல், முறிந்த நங்கூரம் எல்லாம் இருக்கின்றன. ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெட்டிகளைத் துடைக்கிறவள் நான் என்பதால் எனக்கு அந்த வயிற்றெரிச்சல் உண்டு.

என் பெயர் டெல்பின் கொறேரா. குரூஸ்பட்டினத்துப் பழைய சுங்கச்சாவடிதான் இப்போது அருங்காட்சியகம். பதினெட்டு வருஷமாக இங்கே வேலை. வழிகாட்டி நான், பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்புகளை எழுதுகிறவள் நான், மூன்று வருஷமாக விளக்கு போடுகிறவளும் நான்தான். விளக்கு வந்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டை வெளியே போய் வேப்பமரத்தடியில் சாப்பிடுகிறேன். உள்ளே உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரியே இருக்கிறது. பயம்தான், இதில் என்ன வெட்கம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கதவைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, எழுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா உள்ளே வந்தார். கழிப்பறையைக் கேட்கவில்லை. நேராக மேசைக்கு வந்து, அங்கே நான் விரித்து வைத்திருந்த தாளைப் படித்தார். அடுத்த வாரம் திறக்கப்போகும் புயல் நினைவுக் கல்லில் வெட்ட வேண்டிய வாசகம் அது. மறுநாள் காலை கல்தச்சரிடம் போக வேண்டும்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தாம்மா."

"இந்தக் கடைசி வரி?"

கடைசி வரியை நான் மனப்பாடமாகச் சொல்வேன். 'எச்சரிக்கைக் கூண்டை உரிய நேரத்தில் ஏற்றத் தவறிய கொடிக்கம்பக் காவலர் ரபேல் மச்சாதுவின் அலட்சியத்தால் மூன்று தோணிகளும் முப்பத்தொரு உயிர்களும் கடலில் போயின.'

"நான் ரபேல் மச்சாதுவுக்க மவ. அமலோற்பவம்" என்றார் அந்த அம்மா.

துடைப்பத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரில் பிறந்த எவளுக்கும் அந்தப் பெயர் தெரியும். அறுபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கொழும்புக்குப் போன தோணிகள் அவை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசை கண்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். புயல் வந்தால் கம்பத்தில் தார் பூசிய பிரம்புக் கூண்டு ஏற வேண்டும். கூண்டைப் பார்த்தால், தோணித் தலைவனான எந்தத் தண்டலும் தோணியை எடுக்க மாட்டான். அன்று ஊர்க் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்கள் கண்ணில் பட்டது, வருஷா வருஷம் கம்பத்தில் ஏற்றுகிற கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மட்டும்தான். தோணிகள் போய் ஒரு மணி நேரம் கழித்து ரபேல் மச்சாது கூண்டை ஏற்றினார். ஊரே பார்த்தது. முதல் தோணியின் தண்டல் கஸ்பார் கொறேரா. என் அப்பாவைப் பெற்றவர்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றேன். குரல் கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது.

"அந்த வரிய எடுக்கணும். எங்கப்பா காலையில ஆறு மணிக்கே கூண்ட ஏத்துனாரு."

"அப்படி யாரும் பாக்கலையே."

"யாரு பாப்பா? ஞாயித்துக்கிழமை. ஊரே கோயிலுக்குள்ள கெடந்துச்சி. அவரு பூசைக்குப் போகாம கம்பத்தடியில நின்னாரு. அதுக்கும் சேத்துத்தான் ஏசுனாங்க." குடையை மேசையில் வைத்தார். "சுவர் பாத்திருக்கும்லா? விளக்கப் போடு."

இவருக்கு விளக்கைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக் கிழக்குச் சுவர்க் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். முன்பு கடலைப் பார்த்த வெளிச்சுவர் அது. இப்போது மேலே கூரை போட்டு, தண்டவாளத்தில் நகரும் விளக்கு வைத்திருக்கிறார்கள்.

"அம்மா, சொல்லுததக் கேளுங்க. இந்தச் சுவத்துக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்ன சிப்பிச் சுண்ணாம்பு அடிப்பாங்க. ஈரச் சுண்ணாம்பு காயுத நேரத்துல வெயில் எங்க பட்டுச்சி, நிழல் எங்க விழுந்துச்சின்னு உள்ள வாங்கி வச்சிக்கிடும். காஞ்சிட்டுன்னா வாய மூடிக்கிடும். அடுத்த வருஷம் அதுக்கு மேல அடுத்த பூச்சு. மொத்தம் நூத்திப் பன்னெண்டு பூச்சு இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் வெள்ளையடிச்ச மறுநாள் மட்டும் இருக்கு."

"ஒரே ஒரு நாளு. தோணி போனதுக்கு முந்தின நாள்தான் வெள்ளையடிச்சாங்க."

"ஆமா. நடந்து போனவங்க, ஓடுனவங்க யாரும் விழ மாட்டாங்க. அசையாம நின்னவங்கதான் தெரிவாங்க. அதுவும் அரை மணி நேரமாவது நின்னிருக்கணும்."

"கூண்டு அசையாதுல்லா?"

"அசையாது. ஆனா இன்னொண்ணு இருக்கு. விளக்கு பட்டா அந்தப் பூச்சு அரை மணி நேரம் ஒளிரும். அதோட சரி. பிறகு என்ன செஞ்சாலும் ஒண்ணும் தெரியாது. ஒரு பூச்ச ஒரு தடவதான் பாக்க முடியும்."

இதை நான் சொல்லும்போது வழக்கமாக ஜனங்கள் அழுவார்கள். போன மாதம் ஒருத்தர் தன் தாயின் நிழலைப் பார்க்க வந்து, 'வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்' என்று திரும்பிப் போனார். இன்னொரு பெண் ஒளி மங்க மங்கச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு விலக மறுத்தாள். பார்க்கப் பார்க்கத் தீர்ந்துபோகிற சாமான் இது. இதுவரை நாற்பத்தொரு பூச்சுகளை நானே தீர்த்திருக்கிறேன். நாற்பத்தொரு முறை அவர்கள் இரண்டாவது தடவை செத்தார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. கனவில்கூட வந்திருக்கிறார்கள், முகம் இல்லாமல்.

அமலோற்பவம் அம்மா அழவில்லை. "நீ கஸ்பார் தண்டலுக்குப் பேத்திதான? அந்தத் தாடை அப்படியே இருக்கு. உனக்குத் தெரியணும்னு ஆசை இல்லையாக்கும்?" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. தெரிந்துகொள்ள எனக்கு என்ன பயம்? ரபேல் மச்சாது கூண்டை ஏற்றவில்லை என்று சுவரே சொல்லட்டும், கல்லில் அந்த வரி இன்னும் ஆழமாக வெட்டட்டும் என்று நினைத்தேன். அந்த வருஷத்துப் பூச்சு எத்தனையாவது என்று ஏட்டில் பார்த்து, விளக்கில் அந்த ஆழத்தைத் திருகி வைத்து, பதிவுக்கு எடுக்கிற கேமராவை மேல்பாதிக்கு நேராக நிறுத்தினேன். ஜன்னல்களை அடைத்துவிட்டு விளக்கைப் போட்டேன்.

சுவர் மெல்ல வெளிறிய பச்சையாக ஒளிர்ந்தது. மேலிருந்து தொடங்கும், கீழே வர நேரமாகும். கம்பம் கடலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. காலை வெயில் தாழ இருக்கும்போது கம்பத்து உச்சியின் நிழல் சுவரின் மேலே விழும். வெயில் ஏற ஏற நிழல் கீழே இறங்கும். ஆகவே சுவரில் மேலே இருப்பது விடியற்காலை, கீழே வர வர நேரம் போகிறது என்று கணக்கு.

உச்சியில் முதலில் கம்பத்தின் கோடு வந்தது. அப்புறம் அதை ஒட்டி, பானை அளவுக்கு ஒரு கறுப்பு.

பிரம்புக் கூண்டேதான். கீழ்நோக்கி ஒரு பட்டையாக இறங்கிக்கொண்டே வந்தது. ஏழு மணிக்குக் கூண்டு. ஏழரைக்குக் கூண்டு. எட்டு மணிக்கும் கூண்டு. எட்டரை மணி அளவுக்கு வந்ததும் பட்டை சட்டென்று அறுந்தது. அறுந்த இடத்துக்குக் கீழே ஐந்து முனையோடு நட்சத்திரம் தொடங்கியது.

"யேசுவே" என்றேன்.

கேமரா தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. ரபேல் மச்சாதுவின் மகள் சொன்னது நிஜம். காலையிலேயே கூண்டு இருந்திருக்கிறது. நான் எழுதிய வரி பச்சைப் பொய். ஊர் அறுபத்தெட்டு வருஷமாகச் சொன்ன பொய்யை அச்சாக எழுதிக் கல்தச்சருக்குக் கொடுக்க இருந்தேன். திரும்பி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அங்கே சந்தோஷமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"உங்களுக்கு முன்னமே தெரியும்" என்றேன்.

"தெரியாம என்ன? கம்பத்துக்கு ஒத்தக் கயிறு. கூண்ட எறக்குனாத்தான் நட்சத்திரத்த ஏத்த முடியும்." சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். "எனக்கு எட்டு வயசு. பிள்ளைங்க பூசை சீக்கிரம் விட்டுட்டு. பெரியவங்க வெளிய வரும்போது நட்சத்திரம் கம்பத்துல ஆடணும்னு எங்களுக்கு ஆசை. அப்பா, புயலப் பத்தி ரெண்டாவது தந்தி வந்திருக்கான்னு கேக்க சைக்கிள்ல தந்தியாபீசுக்குப் போயிருந்தாரு. எல்லாரும் பாத்து முடிச்ச உடனே திரும்பவும் கூண்ட ஏத்திரலாம்னுதான் நெனச்சோம். பிறகு யாரோ வீட்டுல பலகாரம் குடுத்தாங்க, தின்னப் போயிட்டோம். மறந்தே போச்சி."

"அய்யோ."

"அப்பா வந்து பாக்கும்போது தோணி போயாச்சி. நட்சத்திரத்த எறக்கிட்டுக் கூண்ட ஏத்துனாரு. அதத்தான் ஊர் பாத்துச்சி."

"உங்கப்பா ஏன் சொல்லல? பிள்ளைங்க செஞ்சிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"கேட்டேன். 'உன்னோட சேந்து கயித்த இழுத்த பய அப்பன எழந்துட்டு நிக்கான். இதயும் அவன் தலையில ஏத்தச் சொல்லுதியா?'ன்னாரு. அதோட வாயத் தொறக்கல. வேலையும் போச்சி. தெருவுல யாரும் எங்களுக்குத் தீப்பெட்டி குடுக்க மாட்டாங்க. அவரு செத்தப்போ கோயில் மணி அடிக்கல. நாங்க நாலு பேரு தூக்கிட்டுப் போனோம், அதுல ரெண்டு பேரு பொம்பளைங்க." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வயசுல பங்குச் சாமியார்ட்ட போயி, நாங்கதான் கூண்ட எறக்குனோம்னு சொன்னேன். 'அப்பா மேல உள்ள பாசத்துல சொல்லுத பிள்ள, ஆண்டவர் உன்னப் பாத்துக்கிடுவாரு'ன்னு சிலுவ போட்டு அனுப்பிட்டாரு. யார்ட்ட சொன்னாலும் அதே பதிலுதான். மவ சொன்னா யாரு நம்புவா?"

"இப்பச் சுவரே சொல்லிட்டே."

"சுவர் கூண்டு இருந்துச்சின்னு சொல்லும். யாரு எறக்குனான்னு சொல்லுமா? கயித்த இழுக்க ஒரு நிமிசம் போதும், நீதான சொன்ன, நின்னாத்தான் விழும்னு. ரபேலே எறக்கிட்டு நட்சத்திரம் ஏத்துனான்னு நாளைக்குப் பேசுவாங்க. இன்னொரு ஆளு வாயத் தொறக்கணும்." முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "உங்கப்பனக் கூப்பிடு."

நான் கத்தியிருப்பேன். கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எங்கள் வீட்டு வாசல் கண்ணில் வந்து நின்றது. தெருவே நட்சத்திரமாகத் தொங்கும் டிசம்பரில் எங்கள் வீட்டில் மட்டும் கட்ட மாட்டோம். 'கடலுக்கு ஆளக் குடுத்த வீடு, அதுக்கு மரியாத' என்பார் அப்பா. நானும் அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போன் போட்டேன். அப்பா காலைப் பூசை முடிந்து எதிர்த்த டீக்கடையில்தான் இருப்பார்.

"அப்பா, அமலோற்பவம்னு ஒரு அம்மா வந்திருக்காங்க."

டீக்கடை ரேடியோவைக் குறைக்கச் சொன்னார்.

"விளக்கப் போட்டுட்டியா?" என்றார்.

"போட்டாச்சி."

"வாரேன்."

அவ்வளவுதான். என்ன, எதற்கு என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுபத்தேழு வயது மனுஷன் தினமும் இந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாக நான் எந்தப் பூச்சைத் தொடுகிறேன் என்று காவல் காத்திருக்கிறார்.

"ஏ பிள்ள, அங்க பாரு" என்றார் அமலோற்பவம் அம்மா. குரல் மாறியிருந்தது.

சுவரின் கீழ்ப்பாதி ஒளிரத் தொடங்கியிருந்தது. தரைக்கு மேலே, சுவரை ஒட்டி நின்ற ஓர் ஆளின் நிழல் வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் நிற்கிற ஆள். தலைப்பாகை, அகன்ற தோள். இடது கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டு நடுக்கூடத்துப் படத்தில் தாத்தா அந்தக் கையைத்தான் மடியில் மறைத்து வைத்திருப்பார். பாய்க் கயிறு அறுத்துக்கொண்டு போன கை.

தலை அண்ணாந்திருந்தது. வலது கை நெற்றிக்கு மேலே, வெயிலை மறைத்தபடி. கை மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது, வலித்தால் கீழே போட்டு மறுபடி தூக்கியிருப்பார். உடம்பும் தலையும் கரிக்கட்டையாக விழுந்திருந்தன. இவ்வளவு அடர்த்தியாக விழ எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. முக்கால் மணி நேரம்.

"பாத்துக்கிட்டே நின்னிருக்காரு. காத்துல என்னத்தயோ மோந்திருக்காரு. கூண்டு ஏறுதா, ஏறுதான்னு" என்றார் அந்த அம்மா மெதுவாக.

முக்கால் மணி நேரம் அவர் நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறார். தொட்டால் திரும்பிப் பார்ப்பார் போல இருந்தார் தாத்தா. மேல்பாதியை எடுத்து முடித்த கேமரா, கீழே இறக்கவா என்று பச்சை விளக்கைச் சிமிட்டியது. நான் விரலை அதன் மேல் வைத்தபடியே நின்றேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா வந்துவிட்டார்.

வெளி வெயிலிலிருந்து வந்தவருக்குக் கண் உடனே பழகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அமலி?"

"நாந்தாண்ணே. இங்கனதான் நிக்கேன்."

குரல் சுவர்ப் பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். எப்போது நகர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா சுவரில் முதுகை வைத்து நின்றிருந்தார், தாத்தாவின் நிழல் இருந்த இடத்தில். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துத் தோளோடு போர்த்தியிருந்தார். பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

அப்பா மேலே பார்த்தார். கூண்டைப் பார்த்தார். அது அறுந்த இடத்தைப் பார்த்தார். அவருடைய உதடு கோணிக்கொண்டது.

"நான்தான் எறக்குனேன்" என்றார். யாரும் இன்னும் கேட்கவே இல்லை. "டெல்பின், எழுதிக்க. அமலி, நீ நட்சத்திரத்த மண்ணுல படாமப் பிடிச்சிட்டு நின்ன. 'எங்கப்பா ஏத்துனது, ஏசுவாரு'ன்னு சொன்ன. அவுத்தது என் கை. உங்கப்பாக்குத் தெரியும். புயல் முடிஞ்ச அன்னைக்கு என்ன வந்து பாத்தாரு. தலையத் தடவிட்டு, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. அவரப் போட்டு ஊர் அடிக்கும்போது நான் பாத்துக்கிட்டு நின்னேன். கல்லுல என் பேரப் போடு."

"உன் பேரு எதுக்குண்ணே, ஒம்பது வயசுப் பயலுக்க பேரு? எங்கப்பா பேர எடுத்தாப் போதும். காலையில ஆறு மணிக்கே ஏத்துனாருன்னு போட்டாப் போதும்."

"போடுதேம்மா. இன்னைக்கே மாத்தி எழுதுதேன்" என்றேன்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரருகே ஓர் அடி வைத்தார். அந்த அம்மா தலைப்பை இன்னும் இழுத்துப் பிடித்தார்.

"அமலி, ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. எங்கப்பா கூண்டப் பாத்துப் பாய் விரிக்கிற ஆளு இல்ல. முரடு. கூண்டு கெடந்தாலும் போயிருப்பாரு, கெடக்காட்டாலும் போயிருப்பாரு. அண்ணாந்துகூடப் பாத்திருக்க மாட்டாரு. அத நெனச்சுத்தான் இவ்வளவு நாளும் உசுரோட கெடக்கேன். அது சரிதான? நீ சொல்லு."

அறுபத்தெட்டு வருஷத்துக்குக் கணக்குத் தீர்க்க அந்த அம்மாவுக்கு ஒரு வாய்ப்பு. ஓர் எட்டு விலகினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சரிதாண்ணே. கஸ்பார் மாமா எங்க பாத்தாரு? கோயில்ல இருந்து வந்தாரு, நேரா தோணிக்குப் போனாரு. நான் கண்ணால பாத்தேன்லா" என்றார் அமலோற்பவம் அம்மா.

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, கையால் தட்டிக் காட்டினார்.

"நீ எதுக்கு நின்னுக்கிட்டு? கால் வலிக்கும். வந்து உக்காரு."

"இருக்கட்டும்ணே. பஸ்ஸுல உக்காந்தே வந்தது. கொஞ்ச நேரம் நிக்கேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். கீழ்ப்பாதி அணைய இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது. அந்த அம்மா கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. நான் கேமராவை அணைத்துவிட்டு, அப்பாவிடம் போய் உட்கார்ந்து, ஊர்க் கதை பேச ஆரம்பித்தேன்.